குளிப்பாட்டிய நேரம்

பழனியைச் சேர்ந்த தமயந்தி மதுரையில் படித்துவிட்டு, கொடைக்கானலில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் நர்ஸுகளுக்குப் பாடம் சொல்ல வந்தாள். கல்யாணத்தை மறுத்தவள். பிரசவ வார்டில் பிறந்த பிள்ளைகளெல்லாம் தன் பிள்ளைகள் என்பாள்.

அவள் வந்த ஆண்டே, 1978 மார்கழியில், அந்தப் பிள்ளைகள் சாகத் தொடங்கின. மூன்று வாரத்தில் ஐந்து. வார்டு நோட்டில் ஐந்துக்கும் ஒரே காரணம்: பலவீனம்.

"நினைச்சதை எழுத வேணாம், பார்த்ததை எழுதுங்க" என்றாள் வகுப்பில். "எப்பப் பிறந்துச்சு, நாம என்ன செஞ்சோம், எப்ப உடம்பு சில்லிட்டுச்சு? பிழைச்ச பிள்ளைகளுக்கும் எழுதுங்க. எங்க வித்தியாசம்னு தேடுங்க."

"பனி பெஞ்சுச்சுன்னு எழுதலாமா சிஸ்டர்?" என்றாள் வேலம்மா. எல்லோரும் சிரித்தார்கள்.

"எழுதும்மா. அதே பனியில மத்த பிள்ளைக எப்படிப் பிழைச்சதுன்னும் எழுது."

ஒரு வாரம் கழித்து, அதே வகுப்பில் படித்த அமிர்தவல்லி வந்தாள். இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பிய குடும்பத்துப் பெண். தான் எழுதிய தாளைக் கொடுக்கத் தயங்கினாள்.

"கோவிச்சுக்காதீங்க சிஸ்டர். செத்த அஞ்சு பிள்ளையும் பிறந்த உடனே குளிப்பாட்டினது. விறகு நனைஞ்சு கெடந்த அன்னைக்கு வெந்நீர் இல்ல. நாலு பிள்ளைகளைத் தாயோட கம்பளிக்குள்ளயே விட்டோம். நாலும் நல்லாருக்கு."

தமயந்தி சுவரில் ஒட்டியிருந்த விதியைப் பார்த்தாள். 'பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் குளிப்பாட்ட வேண்டும்.' அவள் கையெழுத்து. மதுரை வெயிலில் கற்ற விதி. வத்தலக்குண்டு தாண்டி மலையேறியபோது கூடவே கொண்டுவந்திருந்தாள்.

வார்டில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. ஓடினாள். பூண்டியில் பூண்டு வயலில் வேலை செய்யும் மாரியாயியின் பிள்ளை, ஈரத்தோடு ஆயாவின் கையில் நடுங்கிக்கொண்டிருந்தது. பிடுங்கித் துடைத்து, தாயின் மார்போடு சேர்த்துக் கம்பளியால் மூடினாள். மதியத்துக்குள் அதன் உதடு நீலமாகிவிட்டது.

"என்னத்தால போச்சுங்க?" என்று கேட்டாள் மாரியாயி.

"என்னாலம்மா" என்றாள் தமயந்தி.

விதியைக் கிழித்தெறிந்தாள். நோட்டில் காரணம் எழுதும் இடத்தில் 'குளிப்பாட்டினோம்' என்று எழுதிக் கையெழுத்திட்டாள். அடுத்த மார்கழியில் ஒரு பிள்ளையும் அப்படிச் சாகவில்லை.

அதன்பின் எட்டு ஆண்டுகள் அங்கேயே இருந்தாள். ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பில் அமிர்தவல்லியின் தாளை விடையில்லாமல் புதுப் பெண்களிடம் கொடுப்பாள். அவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

"யாரு சிஸ்டர் இப்படி ஒரு விதி போட்டது?" என்று எவளாவது கேட்பாள்.

ஒவ்வோர் ஆண்டும் எழுந்து நின்றுதான் பதில் சொன்னாள்.