கிசாபுரோ வீட்டுக் கிரி மரப் பீரோ

எங்கள் ததாமி ஆற்றங்கரையில் பெண் குழந்தை பிறந்தால் தகப்பன் கிரி என்னும் லேசான, வேகமாக வளரும் மரத்தின் கன்று ஒன்றை நடுவான். அவள் கல்யாணத்துக்கு அதை வெட்டி, பீரோ செய்து, கூடவே அனுப்புவான். தொமியே என்பவள் அப்படியொரு பீரோவோடுதான் என் பக்கத்து வீட்டுக்கு மருமகளாக வந்தாள். அவள் புருஷன் கிசாபுரோ கிரி மரத்தில் மரச்செருப்புக்குக் கட்டை அறுக்கிறவர். வேறு மரத்தை அவர் தொட்டு நான் பார்த்ததில்லை. வாய் கொஞ்சம் நீளம். யார் வீட்டு இழுப்பறையாவது லொடலொடத்தால், "இதுல எலி குடும்பமே நடத்தலாம்" என்பார்.

ஒரு வசந்தத்தில் தொமியே கொண்டுவந்த பீரோவைப் பிரித்துப் போட்டார். தளர்ந்துபோன இழுப்பறைகளின் ஓரத்தில் மெல்லிய கிரிப் பலகைத் துண்டுகளை ஒட்டி இழைத்து, காற்றுகூடப் புகாதபடி இறுக்கினார். ஓர் அறையை உள்ளே தள்ளினால், அடைபட்ட காற்று இன்னொன்றை வெளியே தள்ளும். வருகிறவர்களுக்கெல்லாம் தள்ளித் தள்ளிக் காட்டினார்.

தொமியேவுக்கு இதயம் பலவீனம். "இவ்வளவு இறுக்கம் எதுக்குங்க? எனக்கு இழுக்கவே வரல."

"நான் எடுத்துத் தரேன். எங்க போயிடப் போறேன்?"

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. இரண்டாவது அறையில் இருந்த கல்யாணக் கிமோனோவைப் போர்த்தித்தான் தன்னைத் தகனத்துக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தாள். அவரும் சரி என்றிருந்தார்.

மழைக்காலத்தில் ஆறு வீட்டுக்குள் வந்தது. தொமியேவை நான்தான் முதுகில் சுமந்து மேட்டுக் கோயிலுக்கு ஏற்றினேன். நனைந்த உடம்பில் சூடு ஏறவே இல்லை. மறுநாள் காலையில் போய்விட்டாள்.

அன்றைக்கே தண்ணீர் வடிந்ததும் கிமோனோவை எடுக்க நாங்கள் இருவரும் வீட்டுக்கு ஓடினோம். பீரோ சேற்றில் மல்லாந்து கிடந்தது. கிரி மரம் தண்ணீர் குடித்தால் ஊதி அடைத்துக்கொள்ளும். கிசாபுரோ காலை முட்டுக்கொடுத்து இரண்டாவது அறையை இழுத்தார். கைப்பிடிதான் கழன்று வந்தது. நெருப்பில் காட்டினால் பிளந்துவிடும். தானாகக் காய வாரக்கணக்காகும். தகனமோ மறுநாள் காலையில்.

நான் கடப்பாரையோடு வந்தேன். "நெம்பட்டுமா அண்ணே?"

"நெம்பு."

இடுக்கில் வைத்தேன். "இரு" என்றார். "அவ பொறந்த அன்னிக்கு நட்டதுடா இது. ரெண்டுக்கும் ஒரே வயசு. ஒண்ணு காலையிலதான் போச்சு."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் நெம்பச் சொன்னார். அழுத்தினேன். மரம் முனகியது. கடப்பாரையோடு சேர்த்து என் கையைப் பிடித்துக்கொண்டார். விடவும் இல்லை, அழுத்தவும் இல்லை. அப்படியே நின்றோம். கடைசியில் கோயிலில் இரவல் வாங்கிய வெள்ளைத் துணியைப் போர்த்தித்தான் தொமியேவை அனுப்பினோம்.

இலை உதிரத் தொடங்கிய ஒரு மத்தியானம் என்னைக் கூப்பிட்டார். பீரோவின் மேல் இழுப்பறை காய்ந்து இளகியிருந்தது. அதை இழுத்துவிட்டு உள்ளே தள்ளினார். இரண்டாவது அறை தானாக வெளியே வந்தது. கிமோனோ மடிப்புக் கலையாமல் இருந்தது. தொட்டுப் பார்த்தார்.

"ஒரு சொட்டு எறங்கலடா."

அறையை மூடினார். கீழ் அறை வந்தது. அதைத் தள்ளினார். கிமோனோ திரும்ப வந்தது. மறுபடி மூடினார், மறுபடி வந்தது.

"நீயாவது ஒண்ணைப் புடிச்சுக்கடா" என்றார்.

நான் கிமோனோ இருந்த அறையைப் பிடித்துக்கொண்டேன். அவர் மற்றதைத் தள்ளினார். என் உள்ளங்கையில் அது முட்டிக்கொண்டே இருந்தது.