சையித்தின் பெரிய கல்யாணம்

போன திங்கட்கிழமை காலை எங்கள் சமையலறைக்கு ஒரு பெரிய மனிதர் வந்து சேர்ந்தார். சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. ஊர் கூடி, விருந்து தின்று, முறைப்படி ஏற்றுக்கொண்ட பெரிய மனிதர். வந்தவர் வழக்கம்போல ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, உருளைக்கிழங்குக் கூடையை இழுத்துப் போட்டுத் தோல் சீவத் தொடங்கிவிட்டார். ஊரிலிருந்து எனக்கு ஒரு பொட்டலம் கராம்பு கொண்டுவந்திருந்தார். மற்றபடி பேச்சில்லை.

சையித்தைப் பற்றி இந்தப் பக்கத்தில் நான் எழுதியதில்லை. சுவிஸில், ஃப்ரிபூர்க்கில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துச் சமையலறையில் ஒன்பது வருடமாக எனக்குப் பக்கத்து மேசை அவர். கொமொரோஸ்காரர். அது எங்கே இருக்கிறது என்கிறீர்களா? நானும் அப்படித்தான் கேட்டேன். ஆபிரிக்காவுக்கும் மடகஸ்காருக்கும் நடுவில், இந்து சமுத்திரத்தில் சிறிய சிறிய தீவுகள். நாங்கள் இருவரும் பேசுவது பிரெஞ்சு... இரண்டு பேருக்குமே இரவல் மொழி. அவர் சொன்னதையெல்லாம் இங்கே என் வீட்டுத் தமிழில் தருகிறேன். வேறு வழியில்லை.

தீவில் பிறந்தவர்களுக்கு ஒருவரையொருவர் சுலபமாக விளங்கும். அவருடைய ஊரில் கரண்ட் போனால் யாரும் வெளியே வந்து பார்ப்பதில்லை, கரண்ட் வந்தால்தான் பார்ப்பார்களாம். குடிக்க மழைத்தண்ணீர்த் தொட்டி. அரசாங்கம் எத்தனையோ முறை கவிழ்ந்து எழும்பியிருக்கிறது. "கொழும்பில ஆர் வந்தாலும் எங்களுக்கு என்ன" என்று என் அப்பா சலித்துக்கொள்வாரே, அதே சலிப்பு அவரிடமும் உண்டு. அங்கே கல்யாணம் செய்தால் வீடு பெண்ணுடையது, மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து ஏறவேண்டும் என்று அவர் சொன்ன நாளில் நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். எங்கள் சீதன வீடு அவ்வளவு தூரம் எப்படிப் போனது?

ஆனால் இந்தப் பெரிய கல்யாணம் மட்டும் எனக்குப் பிடிபடவேயில்லை.

சையித்துக்கு மனைவி இருக்கிறார். ஃபாத்திமா, இங்கேதான், எங்கள் ரயில் நிலையத்தில் துப்புரவு வேலை. வளர்ந்த பிள்ளைகள் இரண்டு. பள்ளிவாசலில் நிக்காஹ் முடிந்து இருபத்துச் சொச்சம் வருடங்கள் ஆயிற்று. அது சின்னக் கல்யாணமாம். வாழ்க்கை நடத்த அது போதும். ஊரில் ஒரு ஆளாக மதிக்கப்பட வேண்டுமென்றால் அதே பெண்ணை மறுபடியும், ஊர் முழுவதற்கும் மாடு அடித்து, தங்கம் போட்டு, நாள்கணக்கில் விருந்து வைத்துக் கட்ட வேண்டும். அதைச் செய்தவர் தொழுகையில் முன்வரிசைக்குப் போகலாம். ஊர்ச்சதுக்கத்தில் சபை கூடும்போது எழுந்து பேசலாம். செய்யாதவர்? பாரிஸில் டாக்டராக இருந்தாலும் வாயை மூடிக்கொண்டு பின்னால் இருக்க வேண்டியதுதான்.

சையித் இதைச் செய்யப்போகிறேன் என்று சொன்னபோது எனக்கு வந்ததே கோபம். முதுகு வலிக்கப் பாத்திரம் கழுவிச் சேர்த்ததையெல்லாம் சொந்த மனைவிக்கே தாலி கட்டச் செலவழிக்கிறதா? விசரோ உங்களுக்கு என்று கேட்டேன். பிரெஞ்சில் கொஞ்சம் நாகரிகமாகத்தான்.

அவர் காரணம் சொன்னார். அவருடைய ஊரில் ஒரு பிரசவ அறை இருந்தது. ஒரு கட்டில், ஒரு மருத்துவிச்சி, அவ்வளவுதான். புயல் ஒன்றில் கூரை போனது. கூரை போனதும் மருத்துவிச்சியும் போய்விட்டார். இப்போது வலி வந்தால் நகரத்துக்குத்தான் கொண்டு ஓட வேண்டும், அந்த ரோட்டில். போன வருடம் ஒரு பெண் உயிரோடு போய்ச் சேரவில்லை. சையித்தின் கடைசித் தங்கை மாசமாக இருந்தாள். சபையில் இருக்கிற பெரியவர்களோ பள்ளிவாசலுக்கு இரண்டாவது மினாரா எழுப்பும் யோசனையில் இருந்தார்கள்.

அப்படியென்றால் அந்தக் காசில் நீங்களே கூரையைப் போடுங்களேன் என்றேன். எவ்வளவு கெட்டித்தனமான யோசனை! எங்களுக்கு எப்போதுமே அடுத்த வீட்டுக் கணக்கு நன்றாக வரும்.

"கூரை போடலாம் மெடம்," என்றார் சையித். "மருத்துவிச்சியை சுகாதார அமைச்சுத்தான் அனுப்ப வேணும். அமைச்சு ஊர்ச்சபையின்ர கடிதம் கேக்கும். சபையில ஆராவது எழும்பிக் கதைக்க வேணும். எனக்கு வாய் இல்லை. வாயைத்தான் முதல்ல வாங்க வேணும்."

நான் விடவில்லை. ஒரு விழாவுக்கு இவ்வளவு கொட்டுகிறது பைத்தியக்காரத்தனம், எங்கள் ஆட்கள் இப்படிச் செய்யமாட்டார்கள் என்று சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள்ளேயே எனக்கு நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. ஏனென்றால் எங்கள் மகள் பெரியபிள்ளையானதற்கு நாங்கள் செய்த சாமத்திய வீட்டுக்கு சையித்தும் ஃபாத்திமாவும் வந்திருந்தார்கள்.

வாசகர்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. நீங்களும் செய்திருப்பீர்கள், அல்லது போய்ச் சாப்பிட்டிருப்பீர்கள். பேர்னில் மண்டபம், பல்லக்கு, புகை கக்கும் மெஷின், தலைக்கு மேலே ட்ரோன் கமரா. மகள் மூன்று முறை சேலை மாற்றினாள். நான் நான்கு முறை. சையித் அன்று முன்வரிசையில் கோட் போட்டு இருந்து எல்லாவற்றையும் மிகுந்த மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்கட விழாவைப் பாத்த அண்டைக்கு எனக்கு எல்லாம் விளங்கின மாதிரி இருந்தது," என்றார். கேலியே இல்லாத குரல். "எங்கட மாதிரித்தான் எண்டு நினைச்சன். அதுக்குப் பிறகு மகளுக்கு என்ன கிடைச்சது?"

யோசித்துப் பார்த்தேன். விழாவுக்கு முன்பு அவள் மாலை ஏழு மணிக்குள் வீட்டுக்கு வரவேண்டும். விழாவுக்குப் பிறகு ஆறு மணி.

சரி, எனக்காவது என்ன கிடைத்தது? ஒரு அல்பம். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்ற பட்டியல். வராதவர்களோடு இன்றுவரை கோபம். இந்த மனிதர் தன் விழாவால் ஒரு வாயை வாங்கப்போகிறார், நான் என்ன வாங்கினேன்? இரண்டு நாள் இந்தக் கேள்வியோடு கேக் தட்டுகளை அடுக்கினேன். எனக்கு வெட்கமாக இருந்தது, சொல்லிவிடுகிறேன்.

அந்த வெட்கத்தில்தான் என் ஓகஸ்ட் லீவை சையித்துக்கு விட்டுக்கொடுத்தேன். எங்கள் செஃப் மூன்று கிழமைக்கு மேல் ஒருவரையும் விடமாட்டார். என்னுடையதையும் சேர்த்தால் ஆறு கிழமை, அதுவும் நான் இரண்டு மேசை வேலையையும் பார்ப்பதாகக் கையெழுத்து வைத்த பிறகு. வீட்டில் இவர் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தார். நாங்கள் கனடாவுக்குப் போவதாக இருந்தது. ஆரோ ஒருத்தரின்ர கலியாணத்துக்கு நீ ஏன் லீவு குடுக்கிறாய் என்று கேட்டார். ஒரு கூரைக்காக என்றேன். அவருக்கு விளங்கவில்லை, விளக்க எனக்கும் பொறுமையில்லை.

அப்படி ஃபாத்திமாவோடு போனவர்தான் திங்கட்கிழமை திரும்பி வந்து வாய் திறக்காமல் கிழங்கு சீவுகிறார். ஒன்பது மணிக் கோப்பிக்கு இருந்தபோது நானே கேட்டேன்... தங்கை?

தங்கைக்கு ஆண் பிள்ளை, நகரத்து ஆஸ்பத்திரியில், ரோட்டிலே ஒன்றும் நடக்கவில்லை. கல்யாணமும் குறையில்லாமல் நடந்தது. தங்கச்சரிகை போட்ட அங்கியோடு சையித்தை ஊர் சுற்றி அழைத்துப் போனார்கள். வெள்ளிக்கிழமை முன்வரிசையில் நின்று தொழுதார். தொழுகை முடிந்து சபை கூடியது. முதல் தடவையாக எழுந்து நின்றார். பிரசவ அறையைப் பற்றிப் பேசினார். ஒருவரும் குறுக்கே பேசவில்லை. மினாரா பொறுக்கட்டும், கூரை முதலில் என்று முடிவானது. கடிதம் எழுதி எல்லோரும் கையெழுத்து வைத்தார்கள்.

பிறகென்ன, இதற்கு ஏன் இந்த முகம் என்று கேட்டேன். என் லீவு வீண்போகவில்லை என்ற சந்தோஷம் எனக்கு.

சையித் கோப்பையை மேசையில் வைத்தார். அவருக்கு அலி என்று ஒரு தம்பி இருக்கிறார். முப்பத்தைந்து வயது, மீன்பிடிகாரர், ஊரை விட்டு எங்கும் போகாதவர். வலி வந்த பெண்களை எந்த நேரமென்றாலும் வாடகை வான் பிடித்து நகரத்துக்குக் கொண்டு ஓடுவது அவர்தான். போன வருடம் போய்ச் சேராத அந்தப் பெண்ணும் அவர் கொண்டு போன வானில்தான். சையித் பேசி முடித்து உட்கார்ந்ததும், பின்வரிசையில் அலி எழுந்து நின்றாராம். அவருக்கு இன்னும் பெரிய கல்யாணம் ஆகவில்லை. சபை முழுவதும் திரும்பி அலியைப் பார்க்கவில்லை. அவரை அடக்கவேண்டிய அண்ணன் என்று சையித்தைப் பார்த்தது.

"கீழ இரு எண்டு சொன்னது நான்தான்," என்றார். "என்ர வாயாலதான் சொன்னன். அவன் இருந்திட்டான்."

தம்பி என்ன சொல்ல எழும்பினவர் என்று கேட்டேன்.

"தெரியாது மெடம். நான் கேக்கேல்லை."

சையித்துக்குப் பேசும் உரிமை கிடைத்து அப்போது ஒரு மணித்தியாலம்கூட ஆகியிருக்கவில்லை.