காலை மாத்திரை, மணி இரண்டு

இந்த நாட்டில் அக்டோபர் மாதத்து ஞாயிறு ஒன்றில் நேரத்தையே ஒரு மணி பின்னால் தள்ளி வைத்துவிடுகிறார்கள். இங்கிலாந்துக்கு வந்த முதல் வருஷம் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. மறுநாள் கைக்கடிகாரத்தை நம்பிக் கல்லூரிக்குப் போனால் கதவு பூட்டிக் கிடந்தது. சாவிக்கொத்தோடு வந்த காவலாளி, "கிளாக்ஸ் வென்ட் பேக், மேட்" என்று சிரித்தார். சுவர்க்கடிகாரங்களைப் பழுதுபார்க்க அனுப்பிவிட்டார்கள் போல என்று நினைத்து, எப்போது திரும்பி வரும் என்று கேட்டேன். "மார்ச்" என்றார். இந்த ஊரில் ரிப்பேர் வேலை இவ்வளவு மெதுவா என்று எண்ணிக்கொண்டே குளிரில் நின்றேன். அம்மாவுக்குப் போனில் விஷயத்தைச் சொன்னபோது அவள் நம்பவில்லை. "போலே, சர்க்காரு சொன்னா சூரியன் கேக்குமாக்கும்! நீ மணிய தப்பாப் பாத்திருப்ப மக்கா, அதச் சொல்லு."

என் வேலை, பல்கலைக்கழகத்தில் சேரத் தயாராகும் வெளிநாட்டு மாணவர்களுக்குக் கணினியியல் சொல்லிக்கொடுப்பது. பல நாட்டுப் பிள்ளைகள் ஒரே அறையில் இருப்பார்கள். யாருக்கும் ஆங்கிலம் வீட்டு மொழி இல்லை. எனக்கும் இல்லை. கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாறசாலைக்குப் பக்கத்துக் கிராமம் எனக்கு. அப்பா அம்பூரியில் ரப்பர் பால் வெட்டினார். அம்மா முந்திரி உடைக்கப் போனாள்; அந்தத் தொழிற்சாலைக்கு எங்கள் பேச்சில் அண்டியாபீஸ் என்று பேர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதனால் பாடம் என்பது எப்போதும் வெளியிலிருந்து, வேறு மொழியில் வருவது என்றுதான் எனக்குத் தெரியும்.

இந்த வருஷம் கடிகாரங்களை மறுபடி ஒரு மணி முன்னால் தள்ளி, அவை "திரும்பி வந்த" அதே மார்ச் வாரத்தில் செலாமின் விவகாரம் வெடித்தது. செலாம் எத்தியோப்பியாவில் ஒரு சிறு நகரத்துப் பெண். என்னை "டீச்சர்" என்று கூப்பிடுவாள். எங்கள் ஊரில் டீச்சர் என்றால் பெண், ஆணென்றால் சார்தான். திருத்தாமல் விட்டுவிட்டேன். தெரிந்த ஒருவருக்குப் பயன்படும் நிரல் ஒன்றை எழுதி வரச் சொல்லியிருந்தோம். அவள் தன் அம்மாவுக்கு மாத்திரை நேரத்தை நினைவூட்டும் நிரலை எழுதினாள். தாள் திருத்தும் சக ஆசிரியர் மார்ட்டின் அதை ஓட்டிப் பார்த்தார். காலை மாத்திரை, மணி இரண்டு. இரவு மாத்திரை, மணி ஒன்று. "அடிப்படைத் தர்க்கமே இல்லை" என்று எழுதித் தோல்வி போட்டுவிட்டார். திருத்தி மறுபடி கொடுக்கலாம். ஆனால் மறுபடி கொடுத்தால் தேர்ச்சிக்கு மேல் ஒரு மதிப்பெண்கூடக் கிடைக்காது. அவளைச் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்த பல்கலைக்கழகம் கேட்டது அதைவிட அதிகம். அதாவது இந்த ஒரு தாளோடு அவள் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

நான் எடுத்துப் பார்த்தேன். எல்லா நேரமும் சரியாக ஆறு மணி நேரம் தள்ளியிருந்தது. பிழைக்கு இத்தனை ஒழுங்கு கிடையாது. அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அது அம்மாவின் மணி" என்றாள். அவர்கள் ஊரில் நாள் விடியலில் தொடங்குகிறது. நமக்குக் காலை ஏழு என்பது அவர்களுக்கு ஒன்று; இருட்டியபின் நம் ஏழு மறுபடி ஒன்று. எட்டு மணிக் காலை மாத்திரை அங்கே இரண்டு மணிக்குத்தான். "மன்னியுங்கள் டீச்சர், மாற்றிவிடுகிறேன்" என்று உடனே விசைப்பலகையில் கை வைத்தாள்.

அந்தக் கையை எனக்குத் தெரியும். நெய்யாற்றின்கரைப் பள்ளியில் வருஷத்தின் முதல் மாதம் எது என்று கேட்டபோது, வீட்டில் சொன்னபடி சித்திரை என்று எழுதினேன். சார் சிவப்பு மையில் குறுக்கே கீறினார். "சிங்ஙமாணெடா, மாற்றி எழுது." கேரளத்துக் கொல்லம் ஆண்டு சிங்ஙத்தில், அதாவது நம் ஆவணியில்தான் தொடங்குகிறது. எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டுக் களியக்காவிளையில் படித்த என் சித்தி மகன் சுரேஷ் அதே விடைக்கு முழு மதிப்பெண் வாங்கியிருந்தான். "எலே, அடுத்த பரீட்சைக்கு எங்க ஸ்கூலுக்கு வா. எங்க ஆண்டும் பஸ்சும் முன்னயே புறப்படும்" என்று கேலி செய்தான். நான் மாற்றி எழுதினேன். எங்கள் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் எல்லோரும் அப்படித்தான். வீட்டில் ஒன்று, தாளில் ஒன்று. அந்த வித்தைதான் என்னைக் கப்பலேற்றியது. ஆனால் அதையே ஒரு பாடமாக இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுக்க நான் இங்கே வரவில்லை.

"மாற்றாதே" என்றேன்.

துறைத்தலைவர் முன்னால் நான், மார்ட்டின், செலாம் மூன்று பேரும் உட்கார்ந்தோம். என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். மார்ட்டின் கெட்டவர் இல்லை. "நேரம் என்றால் நேரம்தானே? அதில் ஊருக்கு ஊர் என்ன இருக்கிறது?" என்று உண்மையாகவே கேட்டார்.

"போன சனிக்கிழமை வரை எட்டு மணி என்றதை இப்போது ஒன்பது என்கிறீர்கள்" என்றேன். "உங்கள் அரசாங்கம் சொன்னால் மணி நகரும். அவள் அம்மாவுக்குச் சூரியன் சொன்னால் போதும். தெரிந்த ஒருவருக்காக எழுது என்று கேட்டது நாம். இந்த அறையில் இருப்பவர்களுக்காக எழுது என்று கேட்கவில்லை."

மார்ட்டின் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். அதை இன்னும் யாரும் முன்னால் தள்ளி வைக்கவில்லை. ஒரு மணி நேரம் பிந்தி ஓடிக்கொண்டிருந்தது. துறைத்தலைவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு செலாமை ஒவ்வொரு வரியாக விளக்கச் சொன்னார்கள். முதலில் தரையைப் பார்த்துப் பேசியவள், அம்மாவின் இரவு மாத்திரைக்கு வந்தபோது நிமிர்ந்துவிட்டாள். மதிப்பெண் திரும்பி வந்தது. பல்கலைக்கழக இடமும் தங்கியது. இனிமேல் எந்த நேரமுறை என்று மேலே எழுத வேண்டும் என மார்ட்டின் ஒரு விதி சேர்த்தார். எல்லோரும் எழுத வேண்டும், கிரீன்விச்காரர்களும், என்றேன். ஒப்புக்கொண்டார்.

இதை ஊரில் இருந்து படிக்கும் தம்பி தங்கைகளுக்குத்தான் எழுதுகிறேன். நம் பிள்ளைகள் விமானம் இறங்கியதும் முதலில் பழகுவது மன்னிப்புக் கேட்க. தப்பு செய்தால் கேளுங்கள். வேறாக இருப்பதற்குக் கேட்காதீர்கள்.

சில நாள் கழித்துச் செலாம் மடிக்கணினியோடு வந்தாள். இப்போது நிரலின் தொடக்கத்திலேயே "உங்கள் நாள் எப்போது தொடங்குகிறது?" என்று ஒரு பெட்டி கேட்கும். உங்கள் அம்மாவுக்கும் வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். அங்கேயே போன் போட்டு, பிரஷர் மாத்திரையை எப்போது எடுப்பாய் என்று அம்மாவிடம் கேட்டேன்.

"காலத்த திருவனந்தபுரம் வண்டி கூவுமில்லா, அப்பம். அது வரல்லேன்னா மாத்திரையும் இல்ல. அதுக்கென்ன இப்பம்?"

செலாமுக்குச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். ரயில் வரும் நேரத்தைப் பெட்டியில் போட்டோம். "இப்போது உங்களுடையது, டீச்சர்" என்றாள்.

ஜன்னலுக்கு வெளியே இந்த ஊர்க் காலை அப்போதுதான் தொடங்கியிருந்தது. என் உடம்புக்குள் பாறசாலையில் மத்தியானச் சோறு ஆறிக்கொண்டிருந்தது. பெட்டியில் ஒரு விடைக்குத்தான் இடம் இருந்தது.

"செலாம், இதுதான் உன் நிரலில் உள்ள ஒரே பிழை" என்றேன். "இரண்டு எழுத இடம் வை."

"இரண்டு மணியும் சேர்ந்து அடித்தால்?"

"அடிக்கட்டும்."