வழியில் சந்தித்த மாமாக்கள்

நான் இரண்டாம் வகுப்புப் படித்த வருடம்தான் எங்கள் குடும்பம் அதிகமாக ஊர் சுற்றியது. அப்பாவுக்கு ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் ஆலை வேலை. லீவு நாளில் பேசுவதற்குக்கூட அலுத்துக்கொள்வார். அப்படிப்பட்டவர் எங்களைக் கங்கைகொண்ட சோழபுரத்துக்குக் கூட்டிப்போனார். ரஞ்சன்குடி கோட்டைக்குக் கூட்டிப்போனார். செட்டிகுளத்தில் மலையேறினோம். எங்கே போனாலும் அப்பாவுக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று எதிரே வரும். அதில் ஒரு மாமா இருப்பார். பெரியவர்கள் நின்று பேசுவார்கள். அவர்கள் கிளம்பியதும் நாங்களும் கிளம்பிவிடுவோம்.

அம்மாவின் தங்கை, என் சித்தி, எல்லாப் பயணத்துக்கும் வருவாள். அரியலூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்துக்கொண்டு எங்களோடு இருந்தாள். எங்கே போனாலும் அதே கத்தரிப்பூ நிறப் புடவை. வீட்டுக்கு வந்து பெண் பார்த்துப்போன மூன்று பேர் பதிலே சொல்லாமல் விட்டதில் தெருவில் பேச்சு கிளம்பியிருந்தது. இனி வெளியில் எங்காவது பார்க்கட்டும் என்று அப்பாவும் அம்மாவும் முடிவு செய்திருந்தார்கள். இதெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரியும்.

கடைசியாகப் போனது பெரம்பலூர் புத்தகத் திருவிழாவுக்கு. அன்று காலையிலிருந்தே சித்திக்குத் தலைவலி.

"இன்னொரு நாள் பாத்துக்கலாமேக்கா."

"அவங்க கெளம்பிட்டாங்களாம்டி. மாத்திரையப் போட்டுட்டு வா" என்றாள் அம்மா.

பஸ் மாறி, வெயிலில் வதங்கி, நாலு மணி வாக்கில் போய்ச் சேர்ந்தோம். மைதானத்து மேடையில் கரகாட்டம் தொடங்கியிருந்தது. வேப்பந்தட்டையிலிருந்து வந்த குடும்பம் எங்களுக்காகக் காத்திருந்தது. ஒரு மாமாவும் அவருடைய அம்மாவும். அந்த அம்மா என்னைப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்துக்கொண்டார். சித்தியை டீ வாங்கிவர அனுப்பினார்கள். டீக்கடை மைதானத்தின் அந்தக் கோடியில். சித்தி நடந்து போவதையும் வருவதையும் அந்த அம்மா கண்ணெடுக்காமல் பார்த்தார்.

"சித்தி நல்லா சமைக்குமா பாப்பா?"

"நல்லா சமைக்கும். இந்த வாரம் நீங்களா?"

"இந்த வாரம்னா?"

விரல்விட்டு எண்ணிச் சொன்னேன். "கோட்டையில ஒரு மாமா வந்தாங்க. கங்கைகொண்டத்துல கண்ணாடி போட்ட மாமா. செட்டிகொளத்து மாமா பஞ்சுமிட்டாய் வாங்கிக் குடுத்தாங்க. நீங்க நாலாவது."

அந்த அம்மா டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். "பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க. சொல்லி அனுப்புறோம்" என்றார். வெளிச்சம்கூட இன்னும் மங்கவில்லை.

அம்மா என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, தொடையில் கிள்ளினாள். அப்பா பையை எடுத்துக்கொண்டு, "போலாம்" என்றார். சித்தி எழுந்திருக்கவில்லை.

"ஆட்டம் முடியட்டும்க்கா" என்றாள். "அவளக் கிள்ளாத. இத்தன எடத்துக்குக் கூட்டிட்டுப் போனீங்க. ஒண்ணையும் நான் பாக்கல. குனிஞ்ச தலை குனிஞ்சபடியே போயிட்டு வந்தேன். இதையாவது பாத்துட்டு வரேன்."

அப்பா பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். மேடையில் ஒரு பெண் தலையில் கரகத்தோடு ஏணியில் ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டிருந்தாள். சித்தி மோவாயைக் கையில் தாங்கிக்கொண்டு பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. தலைவலி போலிருக்கிறது என்று நினைத்தேன்.

திரும்பும் பஸ்ஸில் சித்தியின் மடியில் உட்கார்ந்துகொண்டு, அவள் பார்க்காததையெல்லாம் நான் சொன்னேன். கோட்டையின் அகழி, கங்கைகொண்டத்தின் பெரிய நந்தி, சிங்கத்தின் வயிற்றுக்குள் இறங்கும் கிணற்றுப் படி. சித்தி கண்ணை மூடிக்கொண்டு, "ம், அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

வேப்பந்தட்டையிலிருந்து பதில் வரவில்லை. அதோடு எங்கள் பயணங்களும் நின்றன. சித்திக்குக் கல்யாணம் ஆக மேலும் நாலு வருடம் ஆயிற்று.

பெரம்பலூர் போய்வந்த அந்த வார வெள்ளிக்கிழமை அம்மாவும் சித்தியும் என்னைக் கோவிலுக்குக் கூட்டிப்போனார்கள். சித்தி பாவம், இன்னும் எத்தனையோ இடம் பார்க்க வேண்டியிருக்கிறதே என்று எனக்குத் தோன்றியது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, சித்திக்கு இன்னும் நிறைய மாமாக்கள் வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.