வாசத்துக்கு ஐம்பது மார்க்

என் கணவர் சுருட்டுக்கு மார்க் போடுகிறவர். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சங்கரன்கோவிலிலிருந்து திருவேங்கடம் போகிற வழியில், கரிசல் காட்டுக்கு நடுவே அவர்கள் குடும்பத்துச் சுடலைமாடன் இருக்கிறார். சித்திரையில் கொடைத் திருவிழா. அன்று மாடனுக்குப் படைக்கிற சுருட்டு ஏனோதானோ என்று இருக்கக் கூடாது. சாமியாடி அருள் வந்து நிற்கும்போது அதைப் பற்றவைத்துக் கொடுப்பார்கள். பிடித்திருந்தால் கட்டை வரை இழுப்பார். பிடிக்கவில்லையா, இரண்டாவது இழுப்பிலேயே தூக்கி எறிந்துவிடுவார். எறிந்துவிட்டால், அந்தச் சுருட்டைத் தேர்ந்தெடுத்தவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, சொந்தபந்தம் அத்தனை பேரும் பார்க்க, பீடத்துக்கு முன்னால் விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். அடுத்த வருஷம் பொறுப்பு வேறு ஆளுக்குப் போய்விடும். என் கணவரின் பெரியப்பா மகனிடமிருந்து அப்படித்தான் இவர் கைக்கு வந்தது. ஒன்பது வருஷமாகியும் அந்த அண்ணாச்சி அதை மறக்கவில்லை. ஒவ்வொரு கொடைக்கும் முதல் வரிசையில் வந்து நின்றுகொண்டு, எப்போது எறிவார் என்று சாமியாடியின் கையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

இவர் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். விடைத்தாள் திருத்திய கை சும்மா இருக்குமா? பங்குனி பிறந்ததும் கையால் சுருட்டு சுற்றுகிற ஐந்து இடங்களிலிருந்து மாதிரி வரவழைப்பார். கடைப் பெயர் தெரியாதபடி நம்பர் ஒட்டுவார். நாளைக்கு ஒன்று வீதம் மொட்டை மாடியில் உட்கார்ந்து பிடிப்பார். ஒரே சீராக எரிந்தால் இருபது, சாம்பல் உதிராமல் நின்றால் இருபது, இழுப்புக்குப் பத்து, வாசத்துக்கு ஐம்பது. முப்பத்தைந்துக்குக் கீழே பெயில். அரை மார்க்கைக் கூடத் தூக்கிப் போட மாட்டார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பட்ட பாட்டைச் சுருட்டும் பட்டது.

என் மூக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். புளியங்குடியில் எங்கள் அப்பா எலுமிச்சை கமிஷன் கடை வைத்திருந்தார். மூடையை அவிழ்க்கும் முன்பே உள்ளே அழுகல் இருக்கிறதா என்று நான் சொல்லிவிடுவேன். வியாபாரிகளே என்னைக் கண்டால் கொஞ்சம் பயப்படுவார்கள். இப்படிப்பட்ட மூக்கை வைத்துக்கொண்டு ஒரு சுருட்டுக்காரருக்கு வாழ்க்கைப்பட்டேன், என் தலையெழுத்து. முப்பத்தெட்டு வருஷமாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன். அவரும் முப்பத்தெட்டு வருஷமாக ஏலக்காயை மென்றுகொண்டு, ஒன்றும் தெரியாதவர் போல மாடியிலிருந்து இறங்கி வருகிறார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் இருவருக்கும் ஒரு காய்ச்சல் வந்தது. இருவருக்கும் வாசமே தெரியாமல் மூக்கு அடங்கிப்போனது. எனக்கு ஒரு வாரத்தில் திரும்பிவிட்டது. திரும்பியதும் முதலில் தெரிந்தது அவர் சட்டையில் இருந்த சுருட்டு வாடைதான். இதற்கு வராமலே இருந்திருக்கலாம் என்றுகூட நினைத்தேன். அவரும் தனக்கு வந்துவிட்டது என்றார். நானும் நம்பினேன். அதற்குப் பிறகு வந்த கொடைக்கு மாதிரி வரவழைக்காமல் முன்பு மாடன் இழுத்த கடைச் சுருட்டையே வாங்கிச் சமாளித்தார்; அந்தக் கடையும் இப்போது மூடிவிட்டது.

இந்த வருஷப் பங்குனியில் அவர் நடவடிக்கை மாறியது. எரிகிற சுருட்டோடு மாடியிலிருந்து நேரே அடுப்படி வாசலுக்கு வந்து நின்றார்.

"ஏட்டி, குடிக்கக் கொஞ்சம் தண்ணி தா."

"தண்ணி தாரேன், முதல்ல அதக் கொண்டு வெளிய போடுங்க. இதென்ன சுருட்டா? மழையில நனைஞ்ச சாக்கக் கொளுத்தின மாதிரியில்லா இருக்கு! பால் வேற அடிப்பிடிச்ச கணக்கா ஒரு நாத்தம்!"

அவர் தண்ணீரைக் குடித்துவிட்டு, கோபப்படாமல், ரொம்பத் திருப்தியாக மாடிக்குப் போனார். சாயங்காலம் எங்கள் கொடை வாட்ஸ்அப் குரூப்பில் அவருடைய அறிக்கை வந்தது. "ஒன்றாம் நம்பர். முதல் இழுப்பில் நனைந்த சாக்கின் நெடி. தொடர்ந்து அடிப்பிடித்த பாலின் சாயல். வாசம்: ஐம்பதுக்குப் பதினொன்று." கீழே கைதட்டல் பொம்மைகளாக வந்து விழுந்தன. துபாயிலிருக்கிற அவர் தம்பி மகன், "பெரியப்பா, இங்கன இருந்தே வாசம் தெரியுது" என்று எழுதியிருந்தான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வார்த்தைக்கு வார்த்தை நான் திட்டியது.

மறுநாள் இரண்டாம் நம்பர். அதை நேர்மையாகச் சொல்ல வேண்டுமானால் அவ்வளவு மோசமில்லை. "வெல்லப்பாகு காய்ச்சுத மாதிரி இருக்கு. ஆனாலும் எனக்கு ஆகாது, மேல போங்க" என்று மட்டும் சொன்னேன். சாயங்காலம் குரூப்பில், "காய்ச்சிய வெல்லப்பாகின் இனிய மணம். வாசம்: நாற்பத்து மூன்று."

அன்றைக்கு ரசத்தில் பெருங்காயமே போடாமல் ஊற்றினேன். "பெருங்காயம் தூக்கலா இருக்கோ?" என்று கேட்டேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "கொஞ்சம் தூக்கல்தான். ஆனா நல்லாருக்கு" என்றார்.

அடுப்படிக்கு வந்து கரண்டியும் கையுமாக அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இரண்டு வருஷமாக இந்த மனிதர் வாசமே தெரியாமல் நான் சமைத்ததைச் சாப்பிட்டு, நன்றாக இருக்கிறது, நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். பாவமாக இருந்தது. என்னிடம் மறைத்துவிட்டாரே என்று ஆத்திரமாகவும் வந்தது. பாவம் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது. ஆத்திரம் அடங்கவில்லை. வாசமும் தெரியாது, ருசியும் தெரியாது, பிறகு எதற்கு என் வீட்டைப் புகைக்கூண்டாக வைத்திருக்க வேண்டும்? பொறுப்பு போனால் மாதிரிச் சுருட்டு வராது. மாதிரி வராவிட்டால் இவர் பிடிப்பதும் தானே நின்றுவிடும். மாடன் ஒரு தடவை தூக்கி எறிந்தால் போதும்.

மூன்றாம் நம்பருக்கு வழக்கம்போலத் திட்டினேன். நாலாம் நம்பர் வந்ததும் இதுதான் சமயம் என்று தெரிந்துவிட்டது. பழைய சைக்கிள் டியூபை எரித்தால் வருமே, அந்த நாற்றம். எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

"ஏங்க, இது என்ன சுருட்டு? தாழம்பூ கணக்கா மணக்குதே!"

அவர் தண்ணீர்ச் சொம்பை வாயருகே நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அப்படியா சொல்லுத?"

"ஆமாங்க. பூ மார்க்கெட்டுக்குள்ள போன மாதிரி இருக்கு."

அன்று குரூப்பில் அறிக்கை வரவில்லை. மறுநாள் ஐந்தாவதையும் பிடித்து முடித்துவிட்டு ஒரே வரியில் எழுதினார்: "தேர்வு முடிந்தது. முடிவு கொடையன்று."

அடுத்த இரண்டு வாரம் நான் பட்ட அவஸ்தை எனக்குத்தான் தெரியும். அவர் கொடைக்குப் பட்டுக்கரை வேட்டியைத் தேய்த்து வைத்தார். போனில் அந்த அண்ணாச்சியிடமே, "இந்த வருசம் மாடன் கட்டை வரைக்கும் இழுக்கலன்னா என்னைக் கேளுங்க, அண்ணாச்சி" என்று சவால் விட்டார். முழங்கால் வலியோடு படி ஏற முடியாமல் ஏறுகிற மனிதர், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அந்த அண்ணாச்சி கண் முன்னால் மண்ணில் விழுந்து எழுந்திருப்பதை நினைத்துப் பார்த்தேன். என்னால் தாங்க முடியவில்லை. மூன்று தடவை சொல்ல வாயெடுத்தேன். பொய் சொன்னேன் என்று சொன்னால், உங்கள் மூக்கு போனது எனக்குத் தெரியும் என்றும் சொல்ல வேண்டி வரும். அது அவர் மனதை உடைத்துவிடுமோ என்று பயந்து ஒவ்வொரு தடவையும் காப்பி வேண்டுமா என்று கேட்டு முடித்துக்கொண்டேன்.

கொடையன்று உச்சி வெயிலில் மேளம் உச்சத்துக்குப் போனது. சாமியாடி ஆடிக்கொண்டே சுருட்டுக்குக் கை நீட்டினார். இவர் தட்டோடு முன்னால் நகர்ந்தார். அண்ணாச்சி முதல் வரிசையில் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார். நான் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு போய் இவர் காதருகே, "ஏங்க, நாலாம் நம்பர் வேண்டாங்க! நான் சொன்னது பொய்! டியூப் எரிஞ்ச நாத்தம்!" என்று கத்தினேன். மேளச் சத்தத்தில் அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. திரும்பிக்கூடப் பார்க்காமல் தட்டை நீட்டிவிட்டார்.

சாமியாடிக்குப் பற்றவைத்துக் கொடுத்தார்கள். ஒரு இழுப்பு. இரண்டாவது இழுப்பு. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அப்போதுதான் புகை என் பக்கம் வந்தது. வெல்லப்பாகு.

கண்ணைத் திறந்தேன். மாடன் கட்டை வரை இழுத்தார். விரல் சுடுகிற அளவுக்கு இழுத்துவிட்டு, இன்னொன்று கேட்டார். குலவைச் சத்தம் எழுந்தது. அண்ணாச்சி சத்தமில்லாமல் இரண்டாம் வரிசைக்குப் போய்விட்டார்.

பந்தியில் இவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இலையில் சோறு விழுந்ததும் கேட்டேன்.

"நாலாம் நம்பருக்கு எத்தனை மார்க் போட்டீங்க?"

"சைபர்."

"நான் மணக்குதுன்னுல்லா சொன்னேன்?"

"முப்பத்தெட்டு வருசத்துல என் சுருட்ட நீ மணக்குதுன்னு ஒரு நாளாவது சொல்லியிருக்கியா? அதுவும் கண்ணுல தண்ணி ஊத்த ஊத்த! நீ என்னைய மாட்டி விடப் பாக்குதன்னு அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு."

வெட்கப்பட வேண்டிய இடம். எனக்குச் சிரிப்புதான் வந்தது. அந்தச் சிரிப்பும் பாதியிலேயே நின்றுவிட்டது.

"மூக்கு திரும்பலன்னு என்கிட்ட ஏன் சொல்லல?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"சொன்னா பாவம்னு நினைப்ப. திட்டுதத நிறுத்திருவ. பால் அடிப்பிடிச்சது, எதிர்வீட்டுல மீன் பொரிக்கது, மழை வரப்போறது எல்லாம் நீ மூக்கச் சுளிச்சு ஏசினாத்தான் ஏட்டி எனக்குத் தெரியுது. நீ நிறுத்திட்டா எனக்கு ஒண்ணுமே இல்ல."

அவ்வளவு பேருக்கு நடுவே அழ முடியாது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு இலையைக் குனிந்து பார்த்தேன்.

"சோத்துல ஒரே விறகுப் புகை வாடை" என்று ஆரம்பித்தேன். "பச்சை விறக வச்சு வடிச்சிருக்கான். சாம்பார்ல பெருங்காயம் எக்கச்சக்கம். இந்தப் பாயசத்த மோர் வாளியில ஊத்திக் கொண்டு வாரானுக, கழுவக்கூட இல்ல. உங்க அண்ணாச்சி சட்டையில பாச்சை உருண்டை நாத்தம் இங்கன வரைக்கும் அடிக்கி. போன கொடைக்கு மடிச்சு வச்ச சட்டையத்தான் இன்னைக்கு எடுத்துப் போட்டிருக்காரு."

அவர் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டு, அவசரமில்லாமல் சாப்பிட்டார். நான் நிறுத்தவில்லை. சாம்பார் வாளி திரும்பி வந்தபோது இன்னொரு தடவை ஊற்றச் சொன்னார்.