முக்கால் நிமிஷப் படம்

பினாங்கில், சூலியா தெருவில், ஒரு சாப்பாட்டுக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது எங்கள் ஸ்டூடியோ. வருகிறவர்களை உபசரிப்பது முதலாளி, படம் எடுப்பது நான். கூரையில் பாதி கண்ணாடி. வெளிச்சத்தைப் பார்த்து, ஆளைப் பார்த்து, லென்சின் துளையை எவ்வளவு திறப்பது என்று முடிவு செய்வதுதான் என் பிழைப்பு. நெளிகிற குழந்தை என்றால் துளையை அகலத் திறந்து, மூடியைக் கழற்றிய கையோடு மூடிவிடுவேன். கண் தெளிவாக விழும், காது கொஞ்சம் மங்கும், போனால் போகிறது. குடும்பமாக இரண்டு வரிசை நின்றால் துளையைச் சுருக்கினால்தான் பின்வரிசையும் தெளியும். ஆனால் வெளிச்சம் குறைவாக உள்ளே போவதால் எல்லோரும் அதிக நேரம் அசையாமல் நிற்க வேண்டும். எங்கே நிற்கிறார்கள்? "மூச்சு விடலாம், தலைய ஆட்டாதீங்க" என்று கத்திக் கத்தியே என் தொண்டை கெட்டது.

ஊரையெல்லாம் படம் எடுத்த எனக்கு என் படம் ஒன்றுகூடக் கிடையாது. நான் கப்பலேறியபோது மனைவி கர்ப்பம். ஐந்து வருஷம் கழித்து எழுதினாள்: 'மகள் தபால்காரரை அப்பா என்று கூப்பிடுகிறாள். உங்கள் முகத்தையாவது அனுப்புங்கள்.' படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. தபால்காரர் என்ன செய்வார், பாவம்! கோபமெல்லாம் என் மேல்தான்.

தைப்பூசத்தன்று முதலாளி தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போய்விட்டார். ஸ்டூடியோ அடைப்பு. என்னை நானே படம் எடுத்துக்கொள்ள அதுதான் சமயம். கீழே கடை வைத்திருந்தவர், "தம்பி, நான் சும்மாதானே இருக்கேன்லா, வந்து மூடியக் கழட்டட்டுமா?" என்று கேட்டார். "வேணாம் அண்ணே" என்றேன். எதிரே ஆள் நின்றால் என் மூஞ்சி தானாகக் கடுகடுத்துவிடும். மகள் முதன்முதலாகப் பார்க்கப்போகிற முகம் அப்படியா இருக்க வேண்டும்?

பழக்க தோஷம், துளையை வழக்கம்போலத் திறந்து வைத்தேன். மூடியைக் கழற்றிவிட்டு நாற்காலிக்கு ஓடி உட்கார்ந்தேன், எழுந்து ஓடிப்போய் மூடினேன். படம் விழுந்த கண்ணாடிப் பிளேட்டைக் கழுவிப் பார்த்தால் காலி நாற்காலி, அதன்மேல் புகை மாதிரி ஒருவன். அந்தத் துளைக்கு மூன்று விநாடி போதும். அது என் ஓட்டத்திலேயே தீர்ந்துவிட்டது. அட மடையா, பிள்ளைக்குப் பேயையா அனுப்பப்போகிறாய் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

பிறகுதான் புத்தி வந்தது. துளையைக் கடைசி வரை சுருக்கினேன். இப்போது முக்கால் நிமிஷம் வேண்டும், அதில் நான் ஓடுகிற இரண்டு விநாடி பதியாது. மூடியைக் கழற்றி ஓடிப்போய் உட்கார்ந்தேன். கேமராவுக்குப் பக்கத்தில் மகள் நிற்பதாக நினைத்துக்கொண்டேன். எவ்வளவு உயரம் இருப்பாள் என்று தெரியவில்லை. என் இடுப்பளவு என்று வைத்துக்கொண்டு அங்கேயே பார்த்தேன். கண் கலங்கிவிட்டது, துடைக்கவும் முடியாது.

படம் அருமையாக வந்தது. சட்டைப் பொத்தானில் இருந்த நூல்கூடத் தெரிந்தது. அன்றைக்கே கட்டி ஊருக்கு அனுப்பினேன்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. மகள் படத்தைக் கீழே வைப்பதே இல்லையாம். அதற்குக் கீழே இன்னும் நான்கு வரி. 'ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். இத்தனை ஆசையாக நீங்கள் என்னைப் பார்த்ததே இல்லை. எதிரே நின்றது யார்? அங்கே யாரையாவது சேர்த்துக்கொண்டீர்களா?' பினாங்கில் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டவர்கள் எத்தனையோ பேர், அவளைச் சொல்லிக் குற்றமில்லை. இருந்தாலும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

அப்போதே உட்கார்ந்து எழுதினேன். 'ஒருத்தரும் இல்லை. மூடியைக் கழற்றியவன் நான், உட்கார்ந்தவன் நான், எழுந்துபோய் மூடியவனும் நான்தான். அன்றைக்கு மட்டுமில்லை, வந்த நாளிலிருந்தே இங்கே எனக்கு ஒருத்தரும் இல்லை.' உறையை ஒட்டுவதற்கு முன் ஒருமுறை படித்துப் பார்த்தேன். எனக்கே நம்பும்படியாக இல்லை. ஐந்து வருஷம் ஒரு மனுஷன் இப்படி ஒண்டியாக இருப்பானா?