ஆளில்லாத கலத்துக்கு விளக்கம் சொன்ன ஆள்

அடுத்தவருக்குத் தெரியாததைச் சொல்லிச் சம்பளம் வாங்குவது எங்கள் தொழில். பெரும்பாலும் தெரிந்துகொண்டு திரும்புவது நாங்கள்தான். ஒரே விஷயத்தை நாளெல்லாம் சொல்லித் தொண்டை கட்டிய எல்லோருக்கும் இது புரியும். ஓர் அறக்கட்டளையின் அறிவியல் வேனில், விண்வெளி நிலையத்துக்குச் சாமான் கொண்டுபோகும் ஆளில்லா சரக்குக் கலத்தின் மாதிரியை வைத்துக்கொண்டு புதுக்கோட்டை மாவட்டம் முழுக்கச் சுற்றினேன்.

எடை

ஊர்ப் பெயர் வேண்டாம், அந்தப் பக்கம் நான் மறுபடி போகவேண்டியிருக்கும். ரேஷன் கடைக்கு எதிரே வேனை நிறுத்தினோம். வரிசையில் நின்றவர்களிடம், "மேலே எல்லாம் மிதக்கும். அரிசி மூட்டையைத் தராசில் வைத்தாலும் முள் அசையாது" என்றேன். பையோடு நின்ற ஓர் அம்மா கடைக்குள் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: "எங்க கடைக்காரரு அங்கதான் தொழில் பழகியிருப்பாரு போலங்க."

குப்பை

இன்னொரு ஊரில், சாமானை இறக்கியதும் நிலையத்துக் குப்பையை அதே கலத்தில் ஏற்றிவிடுவார்கள், திரும்பும் வழியில் குப்பையோடு கலமும் காற்றில் எரிந்துபோகும் என்று விளக்கினேன். கூட்டம் மொத்தமும் தெருமுனையில் புகைந்துகொண்டிருந்த குவியலைத் திரும்பிப் பார்த்தது. முன்வரிசையில் இருந்த வார்டு மெம்பருக்கு அந்த நேரம் பார்த்து போன் வந்தது; அவர் எழுந்து போய்விட்டார்.

ஒரு பெரியவர் பொறுமையாகக் கேட்டார்: "அங்கிட்டு இருக்கறதே ஏழெட்டுப் பேரு. அவங்களுக்குக் குப்பை வண்டி வருது. நாங்க யாருகிட்ட மனு குடுக்கிறதுங்க?"

ஊறுகாய்

ஆவூர்ப் பக்கம் ஸ்டெல்லா டீச்சர் மட்டும் நோட்டு எடுத்து எழுதிக்கொண்டார். கணவர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். கலத்தில் சாப்பாடு, தண்ணீர், மாற்றுத்துணி எல்லாம் போகும் என்றதும் டீச்சர் பேனாவை மூடினார். "ஏர்போர்ட்டுல எலுமிச்சை ஊறுகாய எடுத்து வெளிய வச்சுட்டாங்க சார். இதுலதான் ஆளே இல்லையே, யாரு கேக்கப்போறா?"

ஆய்வு

கொடும்பாளூருக்குத் தலைமை அலுவலக அதிகாரி வந்தார். வேலை நிரந்தரமாகப்போகிறது என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தேன். ஓட்ட ஆள் இல்லை, ஆனாலும் கலம் தானே போய் நிலையத்தோடு சேர்ந்துகொள்ளும் என்பதை மூன்று தடவை அழுத்திச் சொன்னேன். கைதட்டினார்கள். அதிகாரி என்னைத் தனியே அழைத்து, முழுப் பேச்சையும் தன் போனில் பதிவு செய்யச் சொன்னார். பெருமையோடு பேசி முடித்தேன்.

அதிகாரி போனைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "அவ்வளவு பெரிய வண்டியே ஆளில்லாம போகுதுன்னு நீங்கதானே சொல்றீங்க தம்பி. விளக்கம் மட்டும் போகாதா?" என்றார். வீட்டில் இதைச் சொல்ல எனக்கு இரண்டு நாளானது.

அந்தப் பதிவை ஒலிக்கவிட ஸ்பீக்கரை ஆன் செய்வது தன் வேலையில்லை என்று டிரைவர் கையை விரித்துவிட்டதால், இப்போது ஆளில்லாத விளக்கத்துக்குப் பக்கத்தில் பாதிச் சம்பளத்துக்கு ஓர் ஆளாக நான் நிற்கிறேன்.